எழுத்தின் உயரம் பார்த்து வாங்கியவை

கண்ணாடிக்கடைக்காரர் புத்தகத்தை விரித்து ஆரூடம் சொல்கிறார் என்ற செய்தி, கண்ணாடிக்கடைக்காரரைத் தவிர அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவருடைய மனைவிக்கு அது முடிவெட்டும் கடைக்காரி மூலமாக வந்தது. முடிவெட்டும் கடைக்காரிக்கு, அவளிடம் தலைக்குச் சாயம் போட்டுக்கொள்ள வருகிற வங்கிக் காசாளர் அம்மாள் சொன்னாராம்.

"அந்தம்மாவுக்கு யார் சொன்னாங்களாம்?" என்று கேட்டார் கண்ணாடிக்கடைக்காரர். காலைத் தேநீர் கையில் இருந்தது.

"யாரும் சொல்லலை. அவங்களுக்கே நடந்துச்சாம். நீங்க படிக்கக் குடுத்த பக்கத்துல ஒருத்தன் வேலையை விட்டுட்டுப் போறானாம். மறு வாரமே அவங்க மேனேஜர் வேலையை விட்டுட்டாராம்."

"மேனேஜர் போனா நான் என்ன பண்ண முடியும்? அந்தம்மாவுக்கு வெள்ளெழுத்து. ப்ளஸ் ஒன்றரை போட்டு எழுத்து தெரியுதான்னு பார்த்தேன். அவ்வளவுதான்."

"அதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம், தெருவுல சொல்லுங்க." மனைவி துவைத்த துணியை மடித்தபடி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இல்லேன்னா வாசல்ல டோக்கன் குடுக்க ஒரு ஆளைப் போடுங்க. வர்ற கூட்டத்துக்கு வசதியா இருக்கும்."

அவர் பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

மருந்துக்கடைக்கும் செருப்புத் தைப்பவர் கடைக்கும் நடுவில், இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தட்டுகிற அகலத்தில் அவருடைய கடை இருந்தது. முன்பக்கம் ஃபிரேம் மாட்டிய கண்ணாடி அலமாரி, பின்பக்கம் ஒரு திரை, திரைக்குப் பின்னால் கண் அளவு பார்க்கும் நாற்காலி. முப்பது வருடமாக அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றவருக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. ஐம்பது வயது வரைக்கும் லென்ஸ் கம்பெனியின் விலைப்பட்டியலைத் தவிர வேறு எதையும் முழுசாகப் படித்ததில்லை என்பதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். புத்தகங்கள் அவரிடம் வந்து சேர்ந்தது ஆசையால் அல்ல, எரிச்சலால்.

வாசிக்கும் பார்வையைச் சோதிக்கக் கம்பெனி கொடுத்த அட்டை ஒன்று இருந்தது. ஐந்து பத்திகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பொடி எழுத்தில். ஒருவர் காலையில் எழுந்து குடையை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போவார், அதுதான் கதை. அந்த மனிதர் ரயில் ஏறுவதற்குள் ஊரே அவரை மனப்பாடம் செய்துவிட்டது. கணவன் வாசிப்பதைத் திரைக்கு வெளியே இருந்து கேட்ட மனைவி, தன் முறை வந்ததும் கண்ணாடியே போடாமல் கடைசிப் பத்தியைக் கடகடவென்று ஒப்பிப்பாள். வயதாகிவிட்டது என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் மனம் வருவதில்லை. அப்படி ஒப்பித்துத் தப்பான பவர் வாங்கிப் போன ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர், மறு மாதம் வந்து, "உங்க கண்ணாடி போட்டா தலை சுத்துது" என்று கடை முன்னால் சத்தம் போட்டார். அன்றைக்கே அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு, கண்ணாடிக்கடைக்காரர் பழைய பேப்பர் கடைக்குப் போனார்.

அளவுகோலும் கையுமாகப் போனவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். எழுத்தின் உயரம் என்ன என்பது மட்டுமே அவருக்கு முக்கியம். தலைப்பைப் பார்க்கவில்லை, எழுதியவர் யாரென்று பார்க்கவில்லை. வீட்டுத் தோட்டப் புத்தகம் பெரிய எழுத்து, எடுத்தார். துப்பறியும் நாவல் நடுத்தரம், எடுத்தார். சமய நூல் ஒன்றில் மூலம் பெரிய எழுத்தும் உரை பொடி எழுத்துமாக இருந்தது, ஒரே பக்கத்தில் இரண்டு சோதனை, விடுவாரா. சமூகவியல் நூலின் அடிக்குறிப்பு எறும்பு ஊர்வதுபோல இருந்தது. அதை வாசித்துவிட்டால் கண்ணாடி சரி என்று எழுதிக் கையெழுத்தே போட்டுவிடலாம். கடை அலமாரியில் அவற்றை எழுத்தின் உயரப்படி அடுக்கினார். அதனால் கடவுளுக்குப் பக்கத்தில் கொலைகாரனும், கொலைகாரனுக்குப் பக்கத்தில் மக்கள்தொகைக் கணக்கும் நின்றன.

ஆரம்பத்தில் எந்தப் புத்தகமும் அவருக்கு முழுசாகத் தெரியாது. ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு பக்கம் தெரியும், அதுவும் காதால். ஒரே பத்தியை நாற்பது பேர் வாசிக்கக் கேட்டார். கறிக்கடைக்காரர் வாசித்தால் சமய உரைகூட யாரையோ மிரட்டுவதுபோல இருக்கும். பள்ளிக்கூட டீச்சர் வாசித்தால் காற்புள்ளிகூடக் காதில் விழும். துப்பறியும் நாவலின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், 'கதவைத் திறந்தவள் அவனிடம் கேட்ட முதல் கேள்வி' என்று அந்தரத்தில் முடியும். ஏழு மாதம் அந்தக் கேள்வி தெரியாமலேயே காலம் தள்ளினார். எட்டாம் மாதம் ஒரு தபால்காரர் அந்த இடத்தில் நிறுத்தி, "அண்ணே, பக்கத்தைத் திருப்பட்டுமா?" என்றார்.

"எதுக்கு? கண்ணு தெரியுதில்ல, போதும்" என்று அவரை அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு தானே திருப்பினார். 'பால் வாங்கிட்டு வந்தீங்களா?' என்பதுதான் கேள்வி. வேறு யாராக இருந்தாலும் புத்தகத்தைத் தூக்கி எறிந்திருப்பார்கள். இவர், அப்படி என்ன பால் என்று பார்க்க முதல் பக்கத்துக்குப் போனார். அன்றிலிருந்து பிடித்தது.

நாவல் முடிந்ததும், அலமாரியில் அடுத்து இருந்தது என்பதற்காகவே சமய நூலை எடுத்தார். அவருக்குப் பக்தி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் பெரிய எழுத்தில் கடவுள் அமைதியாக இருக்க, கீழே பொடி எழுத்தில் உரைக்காரர் இன்னொரு உரைக்காரரை அறுநூறு பக்கம் விடாமல் திட்டிக்கொண்டிருந்தார். அதைக் கீழே வைக்க முடியவில்லை. பிறகு சமூகவியல். அதில் சிறு கடைக்காரர்களைப் பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. தங்களை முதலாளி என்று நினைத்துக்கொண்டு கூலிக்காரனைவிட அதிக நேரம் உழைப்பவர்கள் என்று அதில் எழுதியிருந்தது. மூன்று வாரம் சாப்பாட்டு மேசையில் அந்த ஆசிரியரோடு சண்டை போட்டார். "அந்த ஆளை நேர்ல கூப்பிட்டுப் பேசுங்க, நான் என்னங்க பண்ணேன்?" என்றாள் மனைவி.

ஏழு வருடத்தில் இப்படி முப்பத்தெட்டுப் புத்தகங்கள். இவ்வளவு படித்ததைப் பற்றித் தெருவில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஆரூடம் என்றதும் ஆள் வருகிறது.

அன்றைக்கு முதல் ஆளாக வந்தது ஒரு பஸ் டிரைவர். நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிட்டார். "எனக்கு நாவல் வேண்டாம் சார். போன தடவை நாவல் குடுத்தீங்க, வீட்டுக்காரி அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா. அந்தச் சமூகவியல் குடுங்க. அதுல ஒண்ணுமே நடக்காதாமே."

"உங்க வீட்டுக்காரி ஏன் போனாங்கன்னு உங்களுக்கே தெரியும். தாடையை அசைக்காம உக்காருங்க."

பதினொன்றரை மணிக்கு அக்கா வந்தாள்.

அக்கா அவரைவிட ஏழு வயது மூத்தவள். மாணவர் விடுதிச் சமையலறையில் முப்பது வருடம் முந்நூறு பேருக்கு ஆக்கிப் போட்டு ஓய்வு பெற்றவள். இரண்டு அறை வீட்டில் மகனோடும் மருமகளோடும் இருக்கிறாள். மருமகள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். பிள்ளை வந்தால் ஒரு அறை வேண்டும் என்று மகன் இரண்டு மாதமாக ஜாடை பேசிக்கொண்டிருந்தான். பெரியவர்கள் தங்கும் இல்லம் ஒன்றின் வண்ணக் காகிதத்தைச் சாப்பாட்டு மேசையில் மறந்து வைத்துவிட்டும் போயிருந்தான்.

"என்னக்கா, இந்த நேரத்துல?"

"சும்மாதான்." அவள் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கும் ஒரு பக்கம் பாரு. அந்த ரூமை விட்டுக் குடுக்கறதா வேணாமான்னு."

அவருக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. "அக்கா, நீயுமா? இது கண்ணு பார்க்கிற இடம்."

"சரி, கண்ணுதான் பாரேன். யார் வேணாங்கறா?"

இவளிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று டெஸ்ட் ஃபிரேமை மாட்டினார். இடது கண்ணைக் கறுப்பு வில்லையால் மறைத்துவிட்டு, கைக்கு வந்த புத்தகத்தைக் கொடுத்தார். சமூகவியல். பஸ் டிரைவர் வாசித்த பக்கத்திலேயே அது விரிந்தது. யாரோ வாசித்த பக்கம் தனக்கு வேண்டாமென்று அவளே நாலு பக்கம் தள்ளினாள். வலது கண்ணால் கணீரென்று வாசித்தாள்.

"'மருத்துவமனைக்குப் போன முதியவர்கள் திரும்பி வரும்போது, வீட்டில் அவர்களுடைய இடம் பெரும்பாலும் வேறொருவருக்குப் போயிருக்கும்.'"

நிறுத்தினாள். திரும்பவும் மனசுக்குள் வாசிப்பது உதட்டில் தெரிந்தது.

"அது யாரோ ஆராய்ச்சி பண்ணி எழுதினது" என்று சொல்லிக்கொண்டே அவர் வில்லையை மற்றக் கண்ணுக்கு மாற்றினார். "இப்ப இதுல படி."

"நடுவுல தெரியுது. கீழே பாதிப் பக்கம் காணோம்."

"காணோம்னா?"

"கறுப்பா ஏதோ மறைக்குது. ரெண்டு நாளா இருக்கு. அதுக்கு முன்னாடி மின்னல் மாதிரி வெட்டுச்சு. ஜன்னல் வெளிச்சம்னு நெனச்சேன்."

அவருடைய எரிச்சல் அத்தனையும் அந்த இடத்தில் நின்றது. விழித்திரை பார்க்கும் கைக்கருவியை எடுத்து அவள் கண்ணுக்குள் பார்த்தார். மேல்புறம் விழித்திரை கழன்று மடிப்பு விழுந்திருந்தது. நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் கழன்றால் அந்தக் கண்ணில் முகம்கூடத் தெரியாது. அது நாளைக்கும் நடக்கலாம், ஒரு மணி நேரத்திலும் நடக்கலாம்.

"அக்கா, கிளம்பு. ஆஸ்பத்திரி. இன்னைக்கே ஆபரேஷன் பண்ணணும்."

அவள் அசையவில்லை. "இப்பதானே படிச்சேன்."

"என்ன படிச்சே?"

"போனா இடம் போயிடும்னு. நான் கேட்டதுக்கு அப்படியே பதில் வந்திருக்கு. நான் போய்ப் படுத்தா, திரும்பி வரும்போது என் கட்டில் மாடிப்படியில கிடக்கும்."

"அது பதில் இல்லைக்கா. நீயே பக்கத்தைத் தள்ளினே. வேற பக்கம் தள்ளியிருந்தா ரயில்வே தொழிலாளிங்க சம்பளம் வந்திருக்கும்."

"வரலையே."

ஊரெல்லாம் பைத்தியம் பிடித்து அலைவதாகக் காலையில் கோபப்பட்ட மனிதர், அப்போது செய்ததை நினைத்தால் அவருக்கே பிறகு நம்ப முடியவில்லை. அலமாரிக்கு ஓடினார். அவள் நம்புவது புத்தகத்தைத்தானே, புத்தகமே சொல்லட்டும். நாவலைப் புரட்டினார், அதில் ஆஸ்பத்திரிக்குப் போனவன் எட்டாம் பக்கத்திலேயே செத்துப்போயிருந்தான். சமய நூலைப் புரட்டினார், உடம்பு பொய் என்றது. பயண நூலில் ஒட்டகம். முப்பத்தெட்டுப் புத்தகத்தில் ஒரு மகராசன்கூடக் கண் தெரியாவிட்டால் டாக்டரைப் பார் என்று எழுதவில்லை. கடைசியில் ஒன்றைக் கையில் விரித்துக்கொண்டு, வாசிக்கிற குரலில் சொன்னார்.

"'கண்ணில் நிழல் கண்டவர் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவருடைய அறை அவருக்காகக் காத்திருக்கும்.'"

அக்கா கையை நீட்டினாள். "குடு. நானே படிக்கிறேன்."

"எழுத்து ரொம்பப் பொடி."

"குடுடா."

அது தோட்டப் புத்தகம். அலமாரியிலேயே பெரிய எழுத்து. அவள் வலது கண்ணால் வாசித்தாள். "'தொட்டியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.'" புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள்.

"ரூம் காத்திருக்கும்னு உன்கிட்ட யார் சொல்லச் சொன்னா? அவனா?"

"அக்கா, சத்தியமா அவன்கிட்ட நான் பேசி ஒரு மாசம் ஆகுது."

"மாமனும் மருமகனும் பேசி வெச்சுக்கிட்டீங்க. கண்ணுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போய், அப்படியே அந்த இல்லத்துல விட்டுடலாம்னு. நல்லாருக்குடா."

"பொய் சொன்னது தப்புதான். கண்ணு விஷயம் பொய் இல்லை."

"எது பொய் எது நிஜம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? நீதான் படிச்சவனாச்சே, நீயே சொல்லு."

ஃபிரேமைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள். அவர் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. நேரம் வாங்கிவிட்டுப் போய்ச் சொன்னால் மறுக்க மாட்டாள் என்று நினைத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். பத்து நிமிடம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண் விவரம் கேட்டு, நாலு மணிக்குள் அழைத்து வரச் சொன்னாள். "மயக்க மருந்து குடுக்க வேண்டியிருக்கும். இப்பலேர்ந்து எதுவும் சாப்பிட வேண்டாம்னு சொல்லிடுங்க. தண்ணிகூட வேண்டாம். சாப்பிட்டுட்டா ஆபரேஷன் நாளைக்குத் தள்ளிப்போயிடும்."

தெருவுக்கு வந்தபோது பஸ் நிறுத்தம் காலியாக இருந்தது. வீட்டுக்குப் போன கையோடு அவள் சாப்பிட உட்கார்ந்துவிடுவாள். முந்நூறு பேருக்குப் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிட்டவள், ஓய்வு பெற்றபின் பன்னிரண்டரை மணியைத் தாண்ட விடுவதில்லை. மணி பன்னிரண்டு இருபது.

அவளுக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. அக்கா மகனுக்குச் செய்தார். அவன் வேலை செய்கிற குளிர்பதனக் கிடங்கில் போனை வாசலிலேயே பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். ஷட்டரை இறக்கி ஒரு டாக்சியைப் பிடித்தார். திரும்பவும் அவளுக்குச் செய்தார். கோபம் வந்தால் அக்கா போனை எடுக்க மாட்டாள். போன வருடம் ஓர் இரும்பு அலமாரி விஷயத்தில் ஒன்பது நாள் எடுக்கவில்லை.

"பாலத்துக்கிட்ட நெரிசல் சார், கொஞ்ச நேரம் ஆகும்" என்றார் டிரைவர்.

எடுத்தால் முதலில் என்ன சொல்வது என்று யோசித்தார். தட்டைத் தொடாதே என்று தொடங்கினால், யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்பாள். ரூமைப் பற்றித் தொடங்கினால் வைத்துவிடுவாள். மன்னிச்சுக்கோ என்று தொடங்கலாம். அதை அவளிடம் இதுவரை சொன்னதில்லை.

ஆறாவது தடவை அழுத்தினார். வண்டி பாலத்தின் ஏற்றத்தில் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் மணி போய்க்கொண்டே இருந்தது.