கடலுக்கு ஒரு டிக்கெட்

போன மாதம் என் அண்ணன் மகள் என்னை மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து புதிதாகக் கட்டிய ஆகாய நடைபாலத்தில் கூட்டிக்கொண்டு போனாள். ரங்கநாதன் தெரு தொடங்கும் இடத்தில் நின்று கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். கீழே தலைகள். மல்லிகைப்பூவும் புதுத்துணிக் கஞ்சியும் மிளகாய்ப்பொடி தூவிய அன்னாசித் துண்டும் சேர்ந்த அந்தப் பழைய வாசனை அவ்வளவு உயரத்துக்கும் ஏறி வந்தது.

"என்ன அத்தை பார்க்குறீங்க?"

"ஒரு ஆளைத் தேடுறேன்" என்றேன். அவள் சிரித்துவிட்டு நகர்ந்தாள். நான் பொய் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் முழுவதும் அந்தத் தெருவில் ஒரு பெண்மணியைத் தேடி அலைந்தவள் நான். இந்தப் பாலம் அன்று இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன் என்று நினைத்தேன். பிறகுதான் நினைவு வந்தது, அந்த அம்மாள் அந்தத் தெருவிலேயே இல்லை!

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஆழ்வார்பேட்டையில் மாடிப்படிக்கு அடியில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு சின்ன டிராவல்ஸில் வேலை. வெளியூர்க்காரர்களை வேனில் ஏற்றி ஒரே நாளில் ஊரைக் காட்டிவிட வேண்டும். நான் சாந்தோம் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவள். அது தெரிந்த நாளிலிருந்து டிரைவர் தேவராஜ் என்னை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். பயணிகள் என்னைக் கன்னியாஸ்திரீ என்று நினைத்துக்கொண்டு, நான் கண்ணாடி வளையல் பேரம் பேசும்போது ஒரு மாதிரி பார்ப்பார்கள். மைக் கரகரவென்று இருக்கும். ஊரின் பெயர் மாறிய புதிது. "மெட்ராஸ் உங்களை அன்புடன்..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "சென்னை உங்களை" என்று திருத்துவேன். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

காலையில் கபாலீசுவரர் கோயில், குளம், நாலு மாடவீதி. அப்புறம் அடையாறு ஆலமரம். அதில் எனக்கு ஒரு சங்கடம். தாய் மரம் புயலில் சாய்ந்து சில வருடம் ஆகியிருந்தது. "இதுல எதுங்க அந்தப் பெரிய மரம்?" என்று கேட்பார்கள். "அது விழுந்திருச்சு, இதெல்லாம் அதோட விழுதுங்க" என்பேன். ஏமாற்றிவிட்டாள் என்பதுபோல் பார்ப்பார்கள், ஏதோ நானே தள்ளிவிட்ட மாதிரி. பிறகு சாப்பாடு, தியாகராய நகர், கடைசியில் கடற்கரை.

அந்தக் 'கடைசியில்' என்ற சொல்லில்தான் வில்லங்கம். தி.நகருக்கு இரண்டு மணி நேரம் என்று அட்டவணையில் இருக்கும். இரண்டு மணி நேரத்தில் எந்தக் கல்யாண வீட்டார் புடவை எடுத்து முடித்திருக்கிறார்கள்? நாலு மணி நேரம் ஆகும். கடற்கரைச் சாலைக்கு வேன் வரும்போது இருட்டிவிடும். கலங்கரை விளக்கத்தில் ஏறவும் அந்த வருடங்களில் யாரையும் விடுவதில்லை. "அதோ, கறுப்பா தெரியுது பாருங்க, அதுதான் வங்கக் கடல்" என்று மைக்கில் சொல்வேன். எல்லோரும் அந்தப் பக்க ஜன்னலுக்குச் சாய்வார்கள். வேன் நிற்காது. நான் அதைப் பெரிய குற்றமாக நினைத்ததில்லை. சாந்தோமில் பிறந்தவளுக்குக் கடல் என்பது கொல்லைப்புறக் கிணறு மாதிரி.

அந்தச் சனிக்கிழமை வேனில் பதினாறு பேர். அதில் காங்கேயம் பக்கத்திலிருந்து நாச்சிமுத்து என்று ஒருவரும் அவர் மனைவி தெய்வானையும் வந்திருந்தார்கள். மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தவர்கள். அந்த அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கோயிலில் செருப்பைப் போடும்போது என்னிடம் மெதுவாக, "ஏனுங்க, கடலு எப்பங்க?" என்று கேட்டார்.

"கடைசியிலம்மா."

ஆலமரத்தடியில் மறுபடி கேட்டார். சாப்பிட்டுக் கை கழுவும்போது மூன்றாவது தடவை. நான் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவருக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன். கணவர் பக்கத்திலிருந்தவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஊட்ட விட்டா காடு, காட்ட விட்டா ஊடு."

பனகல் பார்க் அருகே வேனை நிறுத்திவிட்டு ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தோம். நடந்தோம் என்று சொல்ல முடியாது; கூட்டம் கொண்டுபோய்ச் சேர்க்கும். மூன்று மாடிப் புடவைக் கடை ஒன்றில் எல்லோரையும் ஏற்றிவிட்டு நான் வாசலில் நின்றேன். அரை மணி கழித்து நாச்சிமுத்து மட்டும் வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்தார்.

"அம்மிணி, என்ற சம்சாரத்தைக் காணமுங்க."

மாடிக்கு மாடி ஓடினோம். இல்லை. கடைக்காரர் மைக்கில் அறிவித்தார்: "காங்கேயத்திலிருந்து வந்திருக்கும் தெய்வானை அம்மாள் எங்கிருந்தாலும் வாசலுக்கு வரவும், உங்கள் கணவர் காத்திருக்கிறார். பட்டுப் புடவைகளுக்கு இன்று சிறப்புத் தள்ளுபடி!" இரண்டு நிமிடத்தில் ஒரு தெய்வானை அம்மாள் வந்தே விட்டார். வேறொருவர். நாச்சிமுத்துவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்காரரு திண்டிவனத்துல இல்ல இருக்காரு?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெருமுனையில் நின்ற போலீஸ்காரர் கேட்டார்: "என்ன கலர் புடவை கட்டியிருந்தாங்க?"

நாச்சிமுத்து, "புடவைதானுங்க... கலரு..." என்று என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. காலையிலிருந்து மூன்று தடவை என் முகத்துக்கு நேரே வந்து பேசிய பெண்! எங்களோடு வந்த ஒரு டீச்சரம்மாதான், "மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர்" என்று சொன்னார். நாச்சிமுத்து அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். "அவளுக்கு ரோடு தாண்டத் தெரியாதுங்க" என்றார். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அந்த மனிதரின் முகம் இன்னொரு பக்கம்.

ஸ்டேஷன் வரை ஒரு தடவை, உஸ்மான் ரோட்டில் ஒரு தடவை, பாண்டி பஜார் நடைபாதைக் கடைகளின் ஊடே ஒரு தடவை. மஞ்சள் புடவை தெரிந்த இடமெல்லாம் ஓடினேன். அன்றைக்கென்று பாதி ஊர் மஞ்சள் கட்டியிருந்தது. கடைசியில் மனம் விட்டுப்போய் வேனுக்குத் திரும்பினால், வேனுக்கு நேர் எதிரே ஹேர்பின்னும் ரிப்பனும் விற்றுக்கொண்டிருந்த ஆள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், மஞ்சா பொடவ கட்ன அக்காவையா தேடிக்கினு கீறீங்க? கடலுக்கு எந்த பஸ்ஸுன்னு கேட்டுச்சு. நான்தான் பட்டினப்பாக்கம் வண்டில ஏத்தி வுட்டேன். முன்னால போறேன்னு உங்காண்ட சொல்லச் சொல்லிச்சு. நீங்கதான் ஊரெல்லாம் ஓடிக்கினு, இந்தப் பக்கம் மட்டும் வரவே இல்லியே!"

தேவராஜ் சாவியைத் திருகினார். "ஏறுங்க சிஸ்டர்." கடைகளில் இருந்தவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். பாதிப் பேர் கையில் புடவைப் பை, பாதிப் பேர் கையில் பில் மட்டும். லஸ் சிக்னலில் நான் சத்தமில்லாமல் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். அப்புறம் ஒன்று போதாது என்று தோன்றி இரண்டாக்கினேன்.

பட்டினப்பாக்கத்தில் பஸ் நிற்குமிடத்தைத் தாண்டினால் அகலமான மணல். வெயில் இறங்கியிருந்ததே தவிர நல்ல வெளிச்சம். ஒரு கட்டுமரத்தில் சாய்ந்தபடி, கால்களை நீட்டி, மாம்பழ மஞ்சள் உட்கார்ந்திருந்தது. முழங்கால் வரை ஈரம். பக்கத்தில் மீன் கூடையுடன் ஒரு பெண்.

"வாம்மா, உங்க ஆளா இது?" என்று அந்த மீன்காரம்மா கேட்டார். "அப்போலேந்து அலையப் பாத்துக்கினே கீது. சிரிக்கிது, அழுவுது, திருப்பி சிரிக்கிது. இன்னான்னு கேட்டா ஒண்ணுமில்லைங்குது."

நாச்சிமுத்து மணலில் செருப்பு புதையப் புதைய ஓடினார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் மூச்சு வாங்க நின்றார்.

"சொல்லிட்டு வரக் கூடாதா புள்ள?"

தெய்வானை அம்மாள் எழுந்திருக்கவில்லை. "சொன்னனுங்க. காலையில இருந்து மூணு தடவை சொன்னேன்" என்றார். சொல்லும்போது கணவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எப்படி வந்த? உனக்கு பஸ்ஸு..."

"கண்டக்டருகிட்ட 'கடலு'ன்னு சொன்னனுங்க. அவரு ஒரு டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்தாரு."

அவ்வளவுதான். நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார். அலை வந்ததும் பயந்து பின்வாங்கி, எழுந்து கூட வந்த மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் அதுதான் முதல் கடல் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேனில் இருந்த எல்லோரும் இறங்கிவிட்டார்கள். டீச்சரம்மா புடவைப் பைகளை ஒரு படகின் மேல் அடுக்கிவிட்டு அலையில் குதித்தார். தேவராஜ் யாருக்கோ சிப்பி பொறுக்கிக் கொடுத்தார். இருட்டும்வரை ஒருவரையும் கிளப்ப முடியவில்லை. நானும் பெரிதாக முயலவில்லை.

திங்கட்கிழமை முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் அட்டவணையை அடித்துத் திருத்தி அவர் முன் வைத்தேன்: காலையில் முதலில் கடல். "வெயில்ல யாரு பார்ப்பாங்க?" என்றார். பார்த்தார்கள். நான் அந்த வேலையில் இருந்த அடுத்த இரண்டு வருடமும் கடலோடுதான் நாள் தொடங்கியது.

இப்போது அந்த டிராவல்ஸ் இல்லை. மாடிப்படிக்கு அடியில் ஏ.டி.எம். வைத்திருக்கிறார்கள். பாண்டி பஜார் நடைபாதை அகலமாக, கல் பதித்து, உட்கார பெஞ்சுகளோடு அழகாக இருக்கிறது. தரையில் விரித்து ஹேர்பின் விற்கிறவர்களை அங்கே காணோம். தேவராஜ் சிந்தாதிரிப்பேட்டை வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லவில்லை. பாலத்தில் நின்ற மறுநாள் பட்டினப்பாக்கம் போய்ப் பார்த்தேன். கடல் நிறைய உள்ளே வந்துவிட்டது. வீடுகளையே இடித்துக்கொண்டு போயிருக்கிறது. தெய்வானை அம்மாள் கால் நீட்டி உட்கார்ந்திருந்த மணல் எங்கே என்று கணக்குப் பார்த்தேன். அங்கே ஓர் அலை உடைந்துகொண்டிருந்தது.