காலி அறையிலிருந்து ஒரு கனைப்பு

“உள்ள எத்தனை குதிரை நிக்குது அத்தை?”

“ஒண்ணுதான். கண்ணு என்ன முதுகிலயா இருக்கு உனக்கு?”

“ரெண்டு குரல் கேட்டுச்சே.”

“கேட்டிருக்கும்.”

“இன்னொண்ணு யாரு?”

“நான்தான்,” என்றாள் அத்தை, சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டே. “போற வழியெல்லாம் தண்டோரா போடாத. ஏற்கெனவே எனக்கு அரைப் பைத்தியம்னுதான் பேரு.”

அண்ணன் மகள் தண்டோரா போடுகிறவள் அல்ல. கேட்ட கேள்விக்கே பாதி பதில்தான் அவளிடமிருந்து வரும்.

அத்தை அந்தக் குதிரையேற்றப் பள்ளியின் லாயத்தில் லத்தி அள்ளி, தண்ணீர் காட்டி, பிடரி சீவியே பாதி ஆயுளைக் கழித்தவள். கல்யாணம் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. “மனுஷனுக்குக் குதிரை தேவலை,” என்பாள். “உதைக்கறதுக்கு முன்னாடி காதையாவது மடக்கும்.”

செவலையும் கருப்பியும் அடுத்தடுத்த அறைகளில் வளர்ந்த குதிரைகள். நடுவில் கம்பித் தடுப்புதான். ஒன்றின் மூச்சுக்காற்று மற்றதன் மூக்கில் படாமல் இரண்டும் தூங்கியதில்லை. கருப்பி வயிற்று வலி கண்டு ஒரு காலையில் செத்து விழுந்தபோது செவலை சவாரிக்குப் போயிருந்தது. அது பார்த்தால் மிரளும் என்று முதலாளி உடலை அவசரமாக லாரியில் ஏற்றி அனுப்பினார். அத்தைக்கும் அது சரியென்றே பட்டது. முகர்ந்து பார்க்க விட்டிருந்தால் போனது போனதுதான் என்று அதற்குப் புரிந்திருக்கும் எனக் கால்நடை மருத்துவர் பிறகுதான் சொன்னார்.

செவலை திரும்பி வந்து காலி அறையைப் பார்த்துக் கனைத்தது. காது நீட்டிக் காத்திருந்தது. மறுபடி கனைத்தது. கதவோரம் நின்று இடமும் வலமுமாக ஆடி ஆடியே வியர்த்தது. விலா எலும்பு தெரிந்தும் புல்லைத் தொடவில்லை. முதலாளி துணைக்கு ஓர் ஆட்டைக் கட்டினார். அது செவலையின் புல்லையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டது.

“நல்ல துணை. விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி,” என்றாள் அத்தை.

முதலாளி சிரிக்கவில்லை. “இந்த வாரமும் சாப்பிடலைன்னா ஊசி போட்டு முடிச்சுடலாம். பட்டினி கிடந்து சாகறதை என்னால பார்க்க முடியாது.”

அன்று பிற்பகல் செவலை கூப்பிட்டபோது, அத்தை காலி அறைக்குள் நுழைந்து, அடித்தொண்டையிலிருந்து, கருப்பியின் குரலில் பதில் கொடுத்தாள். செவலையின் காதுகள் முன்னால் திரும்பின. ஆட்டம் நின்றது. தலையைத் தாழ்த்திப் புல்லைக் கடித்தது.

செவலை தேறிவிட்டது. அத்தைதான் இளைத்தாள். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் கை நிற்கும். “கூப்பிடறா,” என்பாள். லாயமோ மூன்று தெரு தள்ளி.

“நிறுத்திடேன் அத்தை,” என்றாள் அண்ணன் மகள் ஒருநாள்.

“பொய் சொல்லித்தான்டி சாப்பிட வைக்கறேன். நிறுத்தினா கருப்பி அவளுக்கு இன்னொரு தரம் சாவா.” தட்டைத் தள்ளி வைத்தாள். “இப்பல்லாம் நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே பதில் வந்துடுது.”

கண் அறுவைச் சிகிச்சைக்குக் கிளம்பிய காலையில், அத்தை லாயத்துச் சாவியை அண்ணன் மகள் கையில் வைத்து அழுத்தினாள்.

“நான் வர்ற வரைக்கும் நீ போய் நில்லு. செவலை கூப்பிட்டா பதில் குடு, வெட்கப்படாத. உனக்கு முன்னாடி அங்க வேற யாராவது பதில் குடுத்தா மட்டும், நீ பேசாம வெளிய வந்துடு.”