கறுத்த முட்டை

ஒரு முழங்காலைப் பலகையில் ஊன்றி, மற்றக் காலால் சேற்றை உந்தித் தள்ளி, அடுத்த மூங்கில் கம்புக்குப் போகிறார் அமராவதி. கம்பின் அடியில் கடல் நத்தையின் முட்டைகள், நெல்லை நட்டு வைத்தாற்போல ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கத்தியால் சுரண்டி வாளியில் போடுகிறார். "சனியன்! நேத்துத்தான சொரண்டுனேன், அதுக்குள்ளயா?" என்று கம்பைத் திட்டுகிறார்.

கோலா சிலாங்கூர் கரையோரச் சேற்றில் அவரும் கணவர் செல்லனும் கெராங் சிப்பி வளர்க்கிறார்கள். தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு வந்த பிறகு இந்தச் சேற்றுத் திடல்தான் சோறு போடுகிறது. இந்த நத்தை, சிப்பியில் ஓட்டை போட்டு உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். அதனால் முட்டையிலேயே சுரண்டிக் கரைக்குக் கொண்டுபோய் எரித்துவிடுவார்கள்.

அதில் அமராவதி ஒரு சாமர்த்தியம் செய்துவந்தார். மஞ்சள் முட்டை மட்டும் வாளிக்கு. கறுத்துப்போனதைச் சுரண்டி அப்படியே தண்ணீரில் வீசிவிடுவார். "அழுகிப்போனத எதுக்கு லா தூக்கிச் சொமக்கணும்?" வருடக்கணக்காக இதே கதைதான்.

போன மாதம் அண்ணன் மகள் ஷர்மினி வந்திருந்தாள். கடலுயிர்கள் பற்றிப் படிக்கிற பெண். கறுத்த முட்டைகளைக் கடல்நீரோடு ஒரு போத்தலில் போட்டு வைத்தாள். மறுநாள் டார்ச் அடித்தால், தூசு தூசாய் உயிர்கள் வெளிச்சத்தைப் பார்த்து நீந்தி வருகின்றன. "அத்தே, இது அழுகல் இல்ல. உள்ள குஞ்சுக்கு ஓடு வந்துடுச்சு, அதான் கறுக்குது. கொஞ்ச நாள் மெதந்து திரியும், அப்புறம் சேத்துல எறங்கிடும்."

"அப்ப நானே அவுத்து விட்டிருக்கேன்," என்றார் அமராவதி, திடலைப் பார்க்க வந்திருந்த என்னிடம். அவர் அழவில்லை.

"வீட்டுக்காரரிடம் சொன்னீர்களா?"

"எந்த வாயால சொல்ல?"

சொல்லித் தொலையுங்களேன் என்று கத்தலாம் போலிருந்தது. அந்த மனிதர் பழியையெல்லாம் தன் கைராசி மேல் போட்டுக்கொண்டு கிடக்கிறார். போன தடவை சிப்பிக் குஞ்சுகளைத் தூவியது அவர் கை. அதனால்தான் அத்தனையும் செத்ததாம். படகு எஞ்சினை விற்று மறுபடியும் குஞ்சு வாங்கியிருக்கிறார். இதுவும் போனால் திடலை விட்டுவிட வேண்டியதுதான்.

தண்ணீர் ஏறத் தொடங்கியபோது செல்லன் துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தார். படகில் குஞ்சுக் கூடை. அதைத் தூக்கி மனைவி முன் நீட்டினார்.

"இந்தா புள்ள, நீ தூவு. என் கை வெளங்காத கை. உன் கை ராசியான கை."

அமராவதி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.