கழுத்தளவுத் தண்ணீரும் துணிக்கட்டுக் கறையும்

போன வருசம் பெய்த மழையில் தறித் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று கேட்டதற்கு, முதல் வீட்டுக்காரர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அடுத்த வீட்டுக் கண்ணுச்சாமி விட்டுக்கொடுப்பாரா? கழுத்தைக் காட்டினார். நிவாரணம் எழுத வந்திருக்கிறார்கள் என்று தெருவே நினைத்துக்கொண்டது.

வந்தவள் அனுசியா. டிப்ளமோ சிவில் படித்தவள்; ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினம் பஸ் பிடித்து வரும் நகராட்சி ஒப்பந்தப் பணியாளர். அத்தனை பேர் சொன்னதையும் நம்பி, வெள்ளம் எங்கே எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போடும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பள்ளிக்கூட மொட்டைமாடியில் மீன் பிடிக்கலாம் என்றது அது.

அவளிடம் இரண்டு திட்டங்கள் இருந்தன. ஒன்று, நாற்பத்தெட்டு லட்சத்தில் கான்கிரீட் வாய்க்கால். தண்ணீரை விரட்டிக்கொண்டு போய்க் கீழத்தெருவில் தள்ளும், அவ்வளவுதான். மற்றது, பதினேழு லட்சத்தில் உறிஞ்சு குழிகளும், தூர்ந்துபோன ஊருணிக் கால்வாயைத் திறப்பதும். தெருவும் வடியும், போர்க்கிணற்றுத் தண்ணீரும் ஏறும். இரண்டாவதற்காக ஆறு மாதம் கண் எரிய உழைத்திருந்தாள்.

"போன மழைய ஒன் கம்ப்யூட்டர் சரியாச் சொல்லட்டும்மா, வாற மழையப் பத்திச் சொல்றத நம்புறேன். திங்கக்கிழமை ஊர்க் கூட்டம், எந்தத் திட்டம்னு கை தூக்கி முடிவு பண்ணிருவாங்க" என்றார் நகராட்சிப் பொறியாளர் வரதராஜ்.

வாய்ச்சொல்லை விட்டுவிட்டுத் தண்ணீர் நின்ற தடத்தைத் தேடி, அனுசியா மறுபடி கண்ணுச்சாமியிடம் போனாள். ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி நெய்து அனுப்புகிறவர்.

"அண்ணாச்சி, குடோன்ல எம்புட்டுத் தண்ணி?"

"குடோன்லயா? சொட்டு வரலம்மா."

"தெருவுல கழுத்தளவுன்னீய!"

"தெரு வேற, குடோன் வேற."

"தண்ணி என்ன, வாசல்ல நின்னு உத்தரவு கேட்டுச்சோ?"

உள்ளேயிருந்து அவர் மனைவி மாரியாத்தாள் சிரித்தாள். "காட்டித் தொலைங்க. தாயி, நீ உள்ள வா."

மூலையில் வெள்ளைத் துணிக்கட்டுகள். விற்கவும் முடியாமல் எறியவும் மனசில்லாமல் வைத்திருந்தவை. அடிக்கட்டு எல்லாவற்றிலும் கோடு போட்டது போல் ஒரே உயரத்தில் பழுப்புக் கறை.

கண்ணுச்சாமியின் குரல் இறங்கிவிட்டது. "காயத்துல கட்டுற துணிம்மா. குடோன் நனைஞ்சது தெரிஞ்சா ஒரு பய ஆர்டர் குடுக்க மாட்டான்."

"ஒங்க பேரு வெளிய வராது, அண்ணாச்சி." டேப் வைத்து அளந்தாள். இருபத்திரண்டு சென்டிமீட்டர்.

அதை ஏற்றியதும் கம்ப்யூட்டருக்குப் புத்தி வந்தது. பள்ளிக்கூட வராந்தா நனையவில்லை என்றது. வாட்ச்மேனும் அதையேதான் சொன்னார்.

கூட்டத்தில் வரதராஜ் கேட்டார்: "இந்த இருபத்திரண்டு எங்கருந்து வந்துச்சு?"

"ஒரு வீட்டுல அளந்தது சார். யாரு வீடுன்னு சொல்ல மாட்டேன்" என்றாள் அனுசியா.

"சொல்லலைன்னா கான்கிரீட்டுக்குத்தான் கை தூக்குவாங்கம்மா."

ஆறு மாத உழைப்பு ஒரு பக்கம் நின்றது. கொடுத்த வாக்கு மறுபக்கம் நின்றது. மேசை மேல் இருந்த தன் தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. கண்ணுச்சாமி எழுந்து வெளியே போய், டிவிஎஸ்ஸில் கட்டி வைத்திருந்த துணிக்கட்டைத் தூக்கி வந்து மேசையில் பொத்தென்று போட்டார்.

"எங்கிட்டருந்துதான் வந்துச்சு. அளந்துக்கோங்க. பொறவு, அந்தக் கழுத்தளவு... அது செத்த கூடிப்போச்சு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நெஞ்சளவுக்காரர் எழுந்து முழங்காலுக்கு இறங்கினார். இன்னொருவர் கணுக்காலுக்கே வந்துவிட்டார். உண்மை சொல்வதிலும் போட்டிதான். வரதராஜ் டேப் வைத்துப் பார்த்துவிட்டு முதல் ஆளாகக் கை தூக்கினார். பதினேழு லட்சம் ஜெயித்தது.

துணி வாங்குகிறவர்கள் யாரும் ஓடவில்லை. ஒருவர் மட்டும், "இனிமே நனையாதுல்ல?" என்று போனில் கேட்டார்.

அதற்குப் பதில், குழியும் கால்வாயும் வெட்டி முடித்த பிறகு, ஐப்பசியில் வந்தது, கொட்டோ கொட்டென்று. அனுசியா குடையை மறந்துவிட்டுத் தெரு நடுவில் நின்றாள். தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது, கொஞ்சம் யோசித்தது, பிறகு கால்வாய்ப் பக்கம் திரும்பி ஊருணிக்குள் இரைந்து இறங்கியது. நாற்பது நிமிடத்தில் தெரு வடியும் என்று கம்ப்யூட்டர் சொல்லியிருந்தது.

மாரியாத்தாள் வாசலில் நின்று செல்போனைப் பார்த்துக் கத்தினாள்: "ஏட்டி, நாப்பத்திமூணு! மூணு நிமிசம் லேட்டு!"

தொப்பலாக நனைந்த அனுசியா, தெருவே பார்க்க, இரண்டு கையையும் தூக்கிக் குதித்தாள்.