மாமாவைக் கடித்த வெள்ளை நாய்

ராஜபாளையத்து மாமாவுக்கு எல்லாமே ரத்தம்தான். ஒருவன் நன்றாகப் படித்தாலும் ரத்தம், திருடினாலும் ரத்தம். மாதம் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்து இதையே சொல்லி உயிரை எடுப்பார். நான் கணக்கில் பெயிலானதற்குக்கூட என்னை ஒரு தினுசாகப் பார்த்து, "எங்கருந்து வந்துச்சோ அந்தப் புத்திதான் இருக்கும்" என்றார். அம்மா கரண்டியை ணங்கென்று வைத்தாள்.

எனக்கு ஒன்பது வயதானபோது அவர் ஒரு வெள்ளை நாய்க்குட்டியைக் கொண்டுவந்தார். "அசல் ராசபாளையம். அன்னியன் ஒருத்தன் வாசப்படி ஏற மாட்டான்" என்று பெருமை வேறு. எங்கள் வீட்டுப் பின்கட்டில் அப்பா பால்கோவா கிண்டுவார். வாங்க வருகிறவர்களெல்லாம் ஆளுக்கொரு விள்ளல் போட்டுப் போட்டு, ஒரே வருஷத்தில் அது ஊருக்கே வாலாட்டப் பழகிவிட்டது. மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னைக்குச் சோதிச்சுப் பாக்கேன். ரோசம் இல்லன்னா மாந்தோப்புல கொண்டுபோய் விட்டுருவேன்" என்றார். நான் அழுது புரண்டேன். அது என் பாயில் படுத்து வளர்ந்த நாய்.

மத்தியானம் மாமா ஹெல்மெட்டும் மழைக்கோட்டும் மாட்டிக்கொண்டு பின்சுவர் ஏறிக் குதித்தார். நாய் ஓடிப்போய் அவர் கையை நக்கியது. பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தெருமுனை வரை கூடவே போய் வழியனுப்பியது. கடுப்பாகித் திரும்பி வந்தவர், கடைசி முயற்சியாக என்னை அடிப்பதுபோல் கையை ஓங்கினார். அவ்வளவுதான், அந்தக் கையைக் கவ்விவிட்டது.

வலியிலும் மாமா குதித்தார். "பாத்தியாட்டி, ரத்தம் பேசுது!"

"உங்க ரத்தந்தாண்ணே சொட்டுது. பிள்ள கூடப் படுத்து வளந்துச்சு, அதான் கடிச்சுது. எல்லாம் வளப்புத்தான்" என்று அம்மா கத்தினாள்.

ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவிலும் இருவரும் ஓயவில்லை. ஒரே கடியில் இரண்டு பேருமே ஜெயித்திருந்தார்கள். நாய் எங்களிடமே தங்கியது, எனக்கு அது போதும். ஆனால் ஆட்டோவில் ஒரு நாய்க்காக அம்மா ஏன் இப்படித் தேம்பித் தேம்பி அழுது மானத்தை வாங்குகிறாள் என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அம்மா என்னைப் பெறவில்லை, கைக்குழந்தையாக எடுத்து வளர்த்தாள் என்பதை நான் கல்லூரிக்குப் போகும்போதுதான் சொன்னார்கள். அன்று ஆட்டோவில் நடந்த சண்டை நாயைப் பற்றியதே இல்லை.

இப்போதும் மாமா வருகிறார், பேசுகிறார். போன மாதம் பொறுக்க முடியாமல் நான் கரண்டியை ணங்கென்று வைத்தேன்.

"அப்படியே ஆத்தாளக் கொண்டிருக்கா" என்றார் மாமா, அடியோடு மறந்துபோய். "ரத்தம் எங்க போகும்?"