வெள்ளைப் பெயின்டுக்குள் உக்கிய மரம்

நாலு வருஷத்துக்கு முன்பு, ஏப்ரல் சீசனுக்கு ஆட்கள் மலைக்கு வரத் தொடங்கியிருந்த நேரம். ஹட்டன் பக்கம், தேயிலை மலைகளுக்கு நடுவே இருக்கும் நீர்த்தேக்கக் கரையில் ஒரு ஹோட்டல். அதன் படகுத்துறையில்தான் இது நடந்தது.

நான் கட்டாரில் எட்டு வருஷம் படகுப் பட்டறையில் ஃபைபர் வேலை பார்த்துவிட்டு வந்தவன். ஹட்டனில் சின்னப் பட்டறை போட்டு, தண்ணீர்த் தொட்டி, ஆட்டோவின் முன்பக்கம் என்று கிடைத்ததைச் செய்துகொண்டிருந்தேன். அந்த ஹோட்டல்காரர்கள் தெற்குக் கடற்கரையிலிருந்து ஒரு பழைய பாய்மரப் படகை லொறியில் ஏற்றி வந்திருந்தார்கள். என்னைவிட வயது கூடிய படகு. மேல்தட்டுக்குப் பெயின்ட் அடித்து, ஓரத்தில் புதுக் கைப்பிடிக் கம்பி பொருத்த வேண்டும். ஒரு வாரம்தான் தவணை. படகு வேலை என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தப் பக்கத்தில் என்னை விட்டால் யாருக்குத் தெரியும் என்கிற நினைப்பு வேறு.

அந்தக் காலத்துப் படகுகளுக்கு அடிப்பாகம் பெரும்பாலும் கெட்டி ஃபைபர். மேல்தட்டு அப்படியல்ல. மேலே ஒரு ஃபைபர் தகடு, கீழே ஒன்று, நடுவில் இலேசான மரத்துண்டுகள், கிரீம் பிஸ்கட் மாதிரி. பாரமும் குறைவு, மிதித்தால் வளையவும் வளையாது. ஆனால் ஆணித்துளை வழியே தண்ணீர் உள்ளே போய்விட்டால் நடுவிலுள்ள மரம் மக்கி உக்கிப்போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

முதல் கம்பிக்குத் துளை போட்டேன். டிரில்லோடு காய்ந்த மரத்தூள் வர வேண்டும். வந்ததோ கறுப்பாக, ஈரமாக, புளித்த நாற்றத்தோடு. அடுத்த துளையிலும் அதேதான். மேல்தகட்டை வெட்டியெடுத்து மரத்தை மாற்ற வேண்டும் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். அது மாதக்கணக்கான வேலை. சொன்னால் படகை வந்த வழியே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். துளைகளில் பசையை ஊற்றி, திருகாணியை முடுக்கி, மேலே வெள்ளைப் பெயின்டை அடித்துவிட்டேன்.

படகோட்டி பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். முப்பது வயதிருக்கும். கடற்கரை ஹோட்டலொன்றில் பாய்மரம் ஓட்டப் பழகியவர், சொந்த இடத்திலேயே வேலை கிடைத்ததென்று பெண்டாட்டியோடு தோட்டத் தொழிலாளர் லயத்துக்குத் திரும்பி வந்திருந்தார். “புதுப் படகு மாதிரியே ஆக்கிட்டீங்களேண்ணே” என்று அந்தக் கம்பியைத் தடவிப் பார்த்தார். அப்போதும் உண்மையைச் சொல்லாமல் பிரஷைக் கழுவப் போய்விட்டேன்.

மூன்றாம் வாரம் ஹோட்டலிலிருந்து ஃபோன் வந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைப் படகோட்டி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அவர்களுடைய சின்ன மகள் கம்பியில் சாய்ந்து நின்றிருக்கிறாள். அவளை உள்ளே வந்து உட்காரச் சொல்லிவிட்டு, சிக்கிய கயிற்றை எடுக்க இவர் அங்கே போய்ச் சாய்ந்திருக்கிறார். கம்பி உக்கிய மரத்தோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. விழும்போது படகின் விளிம்பில் அடிபட்டுக் கை முறிந்தது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் உயிர் தப்பினார். ஹோட்டல் மோட்டார் படகு போய் எல்லாரையும் கரைசேர்த்ததாம்.

டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவர் பெண்டாட்டி பிளாஸ்கிலிருந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

“என் தப்புத்தாண்ணே” என்றார் கட்டிலில் கிடந்தவர். “வேலைய விட்டு நிப்பாட்டப் போறதா மேனேஜர் சேர் சொல்லிட்டாரு.”

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். துளையிலிருந்து வந்த கறுப்பு ஈரத்தையும், அதை மூடிப் பெயின்ட் அடித்ததையும் அப்படியே சொல்லிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஏசுவார் என்று காத்திருந்தேன்.

“இன்னும் எத்தன எடத்துல அப்படி இருக்கு?” என்றுதான் கேட்டார்.

“தெரியல தம்பி.”

“அப்ப மொதல்ல போயி படகக் கரைக்கு இழுக்கச் சொல்லுங்க. வேற யாரையாச்சும் ஏத்திரப் போறாங்க.”

பெண்டாட்டி என்னை ஏறிட்டுப் பார்த்தார். “அதோட, இவரு மேல தப்பில்லன்னும் சொல்லிட்டு வாங்க. நீங்களே சொல்லணும்.”

போய்ச் சொன்னேன். மேனேஜர் கத்தினார். ஊழியர்கள் முன்னால் கேட்கக்கூடாத ஏச்செல்லாம் வாங்கினேன். ஆனால் படகு கரையேறியது, அவர் வேலையும் நிலைத்தது. நானே மேல்தட்டைச் சரிசெய்து தருவதாக முடிவானது.

வேலை ரெண்டு மாதம் இழுத்தது. கையில் கட்டோடு அவரும் தினம் வந்து உட்கார்வார். கரண்டிப் பிடியால் மேல்தட்டைத் தட்டிக்கொண்டே போவார். சத்தம் மந்தமாக விழும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவார். வட்டங்களை வெட்டியெடுத்தால் உள்ளே மரம் சேறாகிக் கிடக்கும். ஒருநாள் மழைக்குத் தார்ப்பாயின் கீழ் ஒதுங்கியிருந்தபோது கேட்டார்.

“அன்னைக்கே ஏண்ணே சொல்லல?”

“பயம்” என்றேன்.

அவர் சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டார். “எனக்கும் பயந்தான். அந்தக் கம்பி ஆடுறத ரெண்டு நாளா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சொன்னா படக நிப்பாட்டிருவாங்க, நமக்கு வேல இருக்காதுன்னு பேசாம இருந்துட்டேன். அதனாலதான் அந்தப் புள்ளய உள்ள வரச் சொன்னேன். கயித்தப் பாத்த அவசரத்துல நானே மறந்துட்டேன்.”

அவர் இதை யாரிடமும் சொல்லாமலே இருந்திருக்கலாம். தலை குனிந்து நின்ற என் பக்கத்தில் தானும் வந்து நிற்பதற்காகவே சொன்னார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

இப்போதும் வாடிக்கையாளரிடம் கெட்ட செய்தி சொல்ல ஃபோனை எடுக்கும்போது பயமாகத்தான் இருக்கிறது. கம்பியை விட்டு விலகி நகர்ந்த, நான் கண்ணால் பார்த்தேயிராத அந்தச் சின்னப் பெண்ணை நினைத்துக்கொண்டு நம்பரை அழுத்திவிடுகிறேன்.