பேயோணி பூத்தால் லீவு

கார்மேகம் மாமா முதுகுளத்தூர்ப் பக்கம். மழை எட்டிப் பார்க்காத ஊரில் பிறந்தவருக்கு அப்படியொரு பேர். பிழைக்க வந்ததோ ஷார்ஜாவுக்கு. பேர் வைத்தவரை நிற்கவைத்துக் கேட்க வேண்டும். முதலாளி பங்களாவில் அவர் தோட்டக்காரர். நான் அடுக்களையில் பாத்திரம் கழுவுகிறவன்.

எண்பத்தாறில் அரபிக்கார மேடம் ஹாலந்திலிருந்து பியோனிக் கிழங்குகள் கொண்டுவந்தார். ரோஜாவைவிடப் பெரிய பூவாம். மாமா வாயில் அது பேயோணி ஆயிற்று.

"பூல் ஆயேகா, லீவ் மிலேகா" என்றார் மேடம். பூ வந்தால் லீவு.

மாமா விமானம் ஏறியபிறகு பிறந்த மகள், ஊரிலிருந்து குரல் பதிந்து கடைசியாக வந்த கேசட்டில் தாய்மாமனை "அப்பா" என்று கூப்பிட்டிருந்தாள். அந்த இடம் வந்ததும் மாமா டேப்பை நிறுத்திவிடுவார்.

வெயில் சுடுமே என்று கிழங்கை முழங்கை ஆழத்தில் புதைத்தார். இலை வந்தது, பூ வரவில்லை. மேடம் புத்தகத்தைப் பார்த்து வைதார்: இவ்வளவு ஆழம் போனால் பூக்கவே பூக்காதாம். மாமா தோண்டி மேலாக நட்டார்.

"பாரித் சாஹியே, காரி. பாரித் நஹி, பூல் நஹி" என்றார் மேடம். பாரித் இல்லாமல் பூ இல்லை. மேடம் வாயில் கார்மேகம் காரி ஆகியிருந்தார்.

அரபியில் மாமாவுக்குத் தெரிந்தது 'பரீத்' ஒன்றுதான். தபாலாபீஸ்.

"மருந்து தபால்ல வருதாம்டா" என்றார் என்னிடம்.

குளிர்காலம் முழுக்க டிரைவர் சதக்கத்துல்லாவை நச்சரித்தார். "பேயோணிக்கு ஏதும் வந்துச்சா பாய்?"

"பேய்க்கு எவன்யா தபால் போடுறான்?"

பனி இறங்கிய நாட்களில் செடி நடுங்குமே என்று சாக்குப் போர்த்தினார். என்னிடம் வெதுவெதுப்பாகத் தண்ணீர் வாங்கி ஊற்றினார்.

பாய் ஒருநாள் மேடத்திடமே கேட்டுவிட்டார். திரும்பி வந்தவர் முகத்தில் சிரிப்பில்லை.

"யோவ், பரீத்னா தபால். அந்தம்மா சொன்னது பாரித். குளிருய்யா! செடிக்குக் குளிர் வேணுமாம்."

மாமா சாக்கை உருவிக் கீழே போட்டார். அன்றே மீன் சந்தையிலிருந்து ஐஸ் கட்டி கொண்டுவந்து வேரைச் சுற்றி அடுக்கினார். தினமும் அதே வேலை. வாசனை பிடித்து எங்கள் முவைலா ஏரியாப் பூனை அத்தனையும் வந்து உட்கார்ந்தன.

"பிளாஸ்டிக் பூவக் கட்டிவிட்ருவோம் மாமா. அந்தம்மா மோந்தா பாக்கப் போகுது?"

"பெரிய எடத்துப் பொம்பளைக மோந்துதான்டா பாக்கும்."

பட்டாணி அளவில் மூன்று மொட்டு வந்தது. மாமா எட்ட நின்றே பார்ப்பார், மூச்சுப் பட்டால் உதிர்ந்துவிடும் என்பதுபோல. அப்புறம் அனல்காற்று அடித்தது. மூன்றும் கறுத்துக் காய்ந்தன.

"கலாஸ். நிகாலோ" என்றார் மேடம். முடிந்தது, பிடுங்கிப் போடு, வேறு கிழங்கு வரும்.

"மேடம், லீவ்?"

"பூல் கஹான் ஹை?"

பூ எங்கேயாம். மாமா தோண்டினார். கிழங்கு அழுகவில்லை, உயிரோடுதான் இருந்தது.

"இதுக்கு ஒரு நோவும் இல்லடா. அதோட ஊர்ல இருந்தா பூத்திருக்கும்."

நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் கிழங்கைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைத் தட்டினார்.

"புதுசு எப்ப வருதுன்னு பாய்ட்ட கேட்டுச் சொல்லு."